மதுரையில் எட்டுத் தோழிகள் இரண்டு நாள் தங்க எந்தப் பகுதி, எப்படிப்பட்ட விடுதி?

கேள்வி: காவேரிக்கரை

வணக்கம். திருச்சியில் ஒரே கல்லூரியில் படித்த நாங்கள் எட்டுப் பேர், ஐம்பதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களுமாக, வீட்டுப் பொறுப்புகளை இரண்டு நாளுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு சனி, ஞாயிறு மதுரைக்கு வரத் திட்டமிட்டிருக்கிறோம். சென்னையிலிருந்து ஐவர் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சனிக்கிழமை விடியற்காலையில் வந்து சேருவோம். கோவையிலிருந்து மூவர் முற்பகலில் பேருந்தில் வருவார்கள். ஞாயிறு இரவு சென்னைக்காரர்கள் அதே பாண்டியனில் திரும்புகிறோம். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், திருப்பரங்குன்றம், நேரமிருந்தால் கீழடி அருங்காட்சியகம் ஆகியவற்றைப் பார்க்க விருப்பம்.

தங்குவதற்குத் தலைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பது எங்களுக்குள் எடுத்த முடிவு. ஒருவருக்கு முழங்கால் வலி இருப்பதால் லிஃப்ட் கட்டாயம் வேண்டும். கோயிலுக்கு அருகில் தங்குவது நல்லதா, மாட்டுத்தாவணிப் பக்கம் புதிய விடுதிகளைப் பார்ப்பது நல்லதா? தை அல்லது மாசியில் வர எண்ணம்.

மறுமொழி: மேலமாசி வீதி

வணக்கம், சகோதரி. உங்கள் பயண நேரத்தைப் பார்த்தால், பகுதியைவிட முதலில் தீர்க்க வேண்டியது விடுதியின் கணக்கு முறை. மதுரையில் இரண்டு வகை உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்யும் விடுதிகள் பெரும்பாலும் நண்பகல் 12 மணிக்கு அறை கொடுத்து மறுநாள் முற்பகலில் காலிசெய்யச் சொல்பவை. ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பகுதிகளில் உள்ள பழைய லாட்ஜுகளில் பலவும் 24 மணி நேரக் கணக்கில் நடப்பவை. நீங்கள் எந்த நேரத்தில் நுழைகிறீர்களோ, மறுநாள் அதே நேரம் வரை அறை உங்களுடையது.

விடியற்காலையில் இறங்குபவர்களுக்கு இரண்டாவது முறை வசதியாகத் தோன்றினாலும், காலை ஆறு மணிக்கே அறை எடுத்தால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரு நாள் முடிந்துவிடும். இரவு ரயில் வரை இன்னொரு முழு நாள் வாடகையைக் கட்ட நேரும். ஆகவே ஐவரும் ரயில் நிலைய ஓய்வறையிலேயே குளித்து முடித்து (பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு ஐஆர்சிடிசி தளத்தில் அதை முன்பதிவு செய்யலாம்), சிற்றுண்டியும் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிவாக்கில் லாட்ஜுக்குச் செல்லுங்கள். ஞாயிறு ஒன்பது மணிக்கு மற்ற அறைகளைக் காலிசெய்துவிட்டு, ஒரே ஓர் அறையை மட்டும் இரண்டாம் நாளுக்கு நீட்டித்து எல்லோருடைய பைகளையும் அதில் போட்டுவிட்டால், மாலையில் ஊர் சுற்றித் திரும்பியதும் முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு ரயிலேறலாம். வரவேற்பு மேசையில் பதிவேட்டில் கையெழுத்திடும்போது, நுழைந்த நேரமாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அரை மணி நேரம் முன்னதாக எழுதிவிடுவது சில இடங்களில் வழக்கம்.

கோயிலுக்கு அருகில் தங்குவதன் அருமை இரவில்தான் தெரியும். கோயில் நடை நண்பகலில் சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும். அறை பக்கத்தில் இருந்தால் அந்த வெயில் நேரத்தில் காலை நீட்டிப் படுக்கலாம். இரவு பள்ளியறை பூசை பார்த்துவிட்டு ஆட்டோ தேடாமல் நடந்தே திரும்பலாம். கைப்பேசியைக் கோயிலுக்குள் அனுமதிப்பதில்லை என்பதால், அதை அறையிலேயே வைத்துவிட்டுப் போகும் வசதியும் உண்டு. ஆனால் சித்திரை வீதிகளை ஒட்டிய விடுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவ்வீதிகளில் வாகனங்களை விடுவதில்லை. முழங்கால் வலியுள்ள தோழி பெட்டியோடு நடக்க நேரும்.

மறுமொழி: ஒத்தக்கடை

மேலே சொன்ன கணக்கு சரியே. இடத்தில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. டவுன்ஹால் ரோட்டுப் பழைய கட்டடங்களில் பல அறைகளுக்குச் சன்னல் நடைவழியைப் பார்த்துத்தான் இருக்கும். லிஃப்ட் இருந்தாலும் அதை அடைய வாசலிலேயே ஏழெட்டுப் படி ஏற வேண்டியிருக்கும். "லிஃப்ட் இருக்கிறதா" என்று கேட்டால் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும்; "தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி" என்று கேளுங்கள்.

எட்டுப் பேர் என்றால் கே.கே. நகர், அண்ணா நகர்ப் பகுதிகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளையும் பார்க்கலாம். கூடத்தில் எட்டுப் பேரும் ஒன்றாக உட்கார்ந்து நள்ளிரவு வரை பேசலாம். நீங்கள் வருவதே அதற்குத்தானே? லாட்ஜில் பதினொரு மணிக்கு மேல் சிரித்தால் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். கீழடி இருக்கும் சிவகங்கை மாவட்டத்துப் பக்கம் போக அங்கிருந்து நகர நெரிசலுக்குள் நுழைய வேண்டியதில்லை.

மாதத்தைப் பொறுத்தவரை மாசியே மேல். தை பிறக்கும்போது அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் சல்லிக்கட்டுகளுக்கு வெளியூர்க் கூட்டம் வரும்; சபரிமலை போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் அந்நாட்களில் மதுரையில்தான் நிற்கும்; தைப்பூசத்தில் தெப்பத் திருவிழா. மாசியிலும் முகூர்த்த நாளைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் கல்யாண வீட்டார் ஒரு விடுதியையே மொத்தமாக எடுத்துவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்: காவேரிக்கரை

இருவருக்கும் நன்றி. வாடகை வீட்டின் படத்தைக் குழுவில் போட்டதும் பாதிப் பேர் அதன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஆனால் அதில் குளியலறை இரண்டுதான். லாட்ஜில் நால்வர் அறை இரண்டு எடுத்தால் செலவு குறைகிறது, இருவர் அறை நான்கு எடுத்தால் கூடுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

மறுமொழி: மேலமாசி வீதி

படுக்கையை எண்ணாதீர்கள், குளியலறையை எண்ணுங்கள். கோயிலுக்குக் காலையில் போக வேண்டுமென்றால் எட்டுப் பேரும் தலைகுளித்துத் தயாராக வேண்டும். இரண்டு குளியலறையில் ஆளுக்கு அரை மணி நேரம் என்றாலும் இரண்டு மணி நேரம் அதிலேயே போய்விடும். போதாக்குறைக்குப் பல லாட்ஜுகளில் வெந்நீர் காலையில் சில மணி நேரம்தான் வரும். நால்வர் அறை என்பதும் பல இடங்களில் இரண்டு இரட்டைக் கட்டில்களை ஒட்டிப்போட்டதாகவோ, ஓர் இரட்டைக் கட்டிலோடு தரையில் இரண்டு மெத்தை விரித்ததாகவோ இருக்கும். முழங்கால் வலியுள்ளவரைத் தரை மெத்தையில் படுக்க வைக்க முடியாது.

உங்கள் வரம்பு மொத்தம் பதினாறாயிரம். முதல் நாளுக்கு நான்கு அறை, இரண்டாம் நாளுக்கு ஓர் அறை, ஆக ஐந்து அறை நாள். வரியோடு சேர்த்து அறைக்கு மூவாயிரம் வரை கொடுத்தாலும் ஆயிரம் ரூபாய் மிஞ்சும். அதிலேயே ஐவரின் ஓய்வறைக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே இருவர் அறைகளையே எடுங்கள். குளிர்சாதன வசதியையும் அந்தத் தொகைக்குள் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடுதான். தொலைபேசியில் சொல்லும் வாடகை வரி சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலை உணவு சேர்த்த கட்டணம் வேண்டாம். மதுரைக்கு வந்து விடுதிக்குள் இட்லி சாப்பிடுவது வீண் செலவு.

கோவைத் தோழிகள் இறங்கும் ஆரப்பாளையம் பேருந்து நிலையமும் ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான். திருப்பரங்குன்றத்துக்குப் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் போனால் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.

மறுமொழி: ஒத்தக்கடை

குளியலறைக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் நான்கு அறைகளும் ஒரே தளத்தில் வேண்டும் என்று முன்பணம் அனுப்பும் முன்பே கேட்டு, அதையும் 24 மணி நேரக் கணக்கு என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். எட்டுப் பேரும் தனித்தனியே ஆதார் அட்டையின் நகல் எடுத்து வரட்டும். பதிவு செய்தவரின் அட்டை ஒன்றே போதும் என்று விடமாட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு அங்கே நகல் எடுக்கும் கடையைத் தேடி அலைய வேண்டாம்.