டப்பாவிலிருந்து துளிப் பாட்டிலுக்கு மாற்றிய பெயின்ட்: அடைப்பு, துரு, உள்ளே ஒடுங்கிய பாட்டில்

செங்காங்_தூரிகை:
மினியேச்சர் பொம்மைகளுக்கான அக்ரிலிக் பெயின்ட், மூடியைத் தூக்கித் திறக்கும் 12 மி.லி. டப்பா வகை. பன்னிரண்டு டப்பாவை 20 மி.லி. துளிப் பாட்டில்களுக்கு மாற்றி ஒரு மாதம் ஆகிறது. பாட்டில் எல்டிபிஇ (அமுக்கினால் அமுங்கும் மெதுவான பிளாஸ்டிக்). ஒவ்வொன்றிலும் கலக்குவதற்கு ஓர் இரும்புக் குண்டு.

மூன்று பாட்டிலில் மூக்கு (சொட்டு விழும் முனை) அடைத்துக்கொள்கிறது. ஊசி விட்டுக் குத்தினாலும் மறுநாள் அதே கதை. வெள்ளை பழுப்பேறுகிறது. சிலவற்றில் மூடியைத் திறந்ததுமே, அமுக்காமலே நாலைந்து சொட்டு வழிகிறது. கடைசியாக, மிச்சமிருந்த லாக்கர் பெயின்டையும் (தண்ணீருக்குப் பதில் கடுமையான கரைப்பானில் கரைத்த வகை) இதே பாட்டிலில் ஊற்றினேன். மூடி இறுக்கம், ஓட்டை இல்லை, ஆனால் பாட்டில் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிப்போயிருக்கிறது. எதை எறிவது, எதைக் காப்பாற்றுவது?

கண்ணாடிக்குப்பி:
முதலில் லாக்கரை வெளியே எடுங்கள். மற்றது எல்லாம் காத்திருக்கும்.

மிஸ்டர் கலர், தமியா எல்பி போன்ற லாக்கர்களில் இருக்கும் கரைப்பான் எல்டிபிஇ-க்குள் ஊறி, சுவர் வழியாகவே ஆவியாகிப் போகும். போன இடத்துக்குக் காற்று அதே வேகத்தில் வருவதில்லை, அதனால்தான் சுவர் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓட்டை தேடிப் பயனில்லை, பாட்டில் முழுவதுமே ஓட்டைதான். எண்ணெய் வகை எனாமலுக்கும் இது ஆகாது. இரண்டையும் கண்ணாடிக் குப்பியில், சாதாரணத் திருகு மூடி போட்டு வையுங்கள். வாசனை எண்ணெய்க்கு விற்கும் ரப்பர் குமிழ் வைத்த குப்பி வேண்டாம்: கண்ணாடி தாங்கும், ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, கடைசியில் பெயின்டுக்குள்ளேயே விழும். எடுப்பதற்குத் தனியாக ஒரு கண்ணாடிப் பிப்பெட் போதும்.

தமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசை ஆல்கஹால் சேர்ந்த அக்ரிலிக். அது எல்டிபிஇ-ஐக் கெடுக்காது. ஆனாலும் மாதக்கணக்கில் வைக்க அதன் சொந்தக் கண்ணாடிக் குப்பியை விடச் சிறந்தது கிடையாது. ஏன் மாற்ற வேண்டும்?

பழைய தின்னரை (பெயின்டை இளக்கும் கரைப்பான்) கைகழுவும் தொட்டியிலோ குப்பைத் தொட்டிக் குழாயிலோ ஊற்ற வேண்டாம். தீப்பற்றும் ஆவி அது, அடுக்குமாடி முழுக்க ஒரே குழாய்.

மூக்கடைப்பு_நிபுணர்:
ஊசி குத்தி அடைப்பு தீராததற்குக் காரணம், அடைக்கிற பொருள் மூக்கில் உருவாவதில்லை. டப்பாவின் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த ஆடை, மாற்றும்போது பெயின்டோடு கூடவே உள்ளே போயிருக்கிறது. ஊசி அதை உள்ளே தள்ளுகிறது. அடுத்த முறை கவிழ்த்தால் திரும்ப வந்து உட்காருகிறது.

மூக்கை நகத்தால் நெம்பாமல், துணி சுற்றிய இடுக்கியால் பக்கவாட்டில் லேசாக ஆட்டிக் கழற்றுங்கள். பெயின்டைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, பழைய நைலான் காலுறைத் துண்டில் வடிகட்டுங்கள். மூக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஆல்கஹால் ஈரம் மிச்சமிருந்தால் பெயின்டே ஜெல்லிபோலத் திரளும், புது அடைப்பு அதுதான்.

இனி மாற்றும் டப்பாக்களில் விளிம்பை முதலில் பல்குச்சியால் சுரண்டி எறிந்துவிட்டு, பிறகுதான் கலக்க வேண்டும். மீடியம் (நிறமி சேராத அக்ரிலிக் திரவம்) பத்துப் பதினைந்து சொட்டு விட்டு அடிவரை கிளறி, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி வடிகட்டியில் விடுங்கள். டப்பாச் சுவரில் ஒட்டியதை இன்னொரு அரை மி.லி. மீடியத்தால் அலசி அதையும் சேர்த்துக்கொள்ளலாம். மூக்கை நேராக வைத்து, ‘டக்’ என்று உட்காரும்வரை கட்டைவிரலால் அழுத்துங்கள். சாய்வாக உட்கார்ந்தால் கழுத்தில் கசியும், அந்தக் கசிவு காய்ந்து மூடியையும் ஒட்டிவிடும்.

வேலை முடிந்ததும் மூக்கு நுனியை ஈரத் துணியால் ஒரு துடைப்பு. பலர் விடுவது இதைத்தான்.

குண்டுராஜா:
பழுப்பு என்பது துரு. பேரிங் எஃகுக் குண்டு பளபளவென்று இருந்தாலும் தண்ணீர்ப் பெயின்டில் நிற்காது. வேண்டியது 316 ரக ஸ்டெயின்லெஸ், 5 அல்லது 6 மி.மீ., பாட்டிலுக்கு இரண்டு. சிங்கப்பூர் ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடையில் வாங்கினால் கையோடு காந்தம் கொண்டுபோங்கள்: ‘சட்’டென்று பாய்ந்து ஒட்டினால் வாங்காதீர்கள். 316 காந்தத்தை அனேகமாகக் கண்டுகொள்ளாது. சந்தேகம் தீராவிட்டால் கண்ணாடி மணி போடுங்கள். எடை குறைவு, கொஞ்சம் கூட நேரம் குலுக்க வேண்டும், அவ்வளவுதான். பழுப்பேறிய வெள்ளை திரும்பாது. சேற்று நிறத்துக்கு அடிப்பூச்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

தானாக வழிவது சூடு. ஏர்கான் அறையில் 24 டிகிரியில் இருந்த பாட்டிலை 31 டிகிரி கூடத்துக்கு எடுத்து வந்தால் உள்ளே இருக்கும் காற்று விரியும். பாதி காலியான 20 மி.லி. பாட்டிலில் 10 மி.லி. காற்று; 7 டிகிரிக்கு அது ஏறக்குறைய 0.24 மி.லி. கூடும். ஒரு மி.லி. தண்ணீருக்கு இருபது சொட்டு என்று வைத்தால் நாலைந்து சொட்டு, நீங்கள் சொன்ன அதே கணக்கு! குலுக்கியதும் மூக்குக்குள் பெயின்ட் நிற்கிறது, காற்று அதைத் தள்ளுகிறது. எனவே குலுக்கிய பிறகு பாட்டிலின் அடியை மேசையில் நாலு தட்டு தட்டி, நிமிர்த்தியே வைத்து மூடியைத் திறந்து, நிமிர்ந்த நிலையிலேயே இலேசாக அமுக்கிக் காற்றை விடுங்கள். அப்புறம்தான் கவிழ்க்க வேண்டும்.

செங்காங்_தூரிகை:
நன்றி. வெள்ளைக்கு 316 வாங்குகிறேன். இரண்டு சந்தேகம்: மீடியத்துக்குப் பதில் குழாய்த் தண்ணீர் விடலாமா? சூப்பர் குளூவையும் இப்படிச் சின்னப் பாட்டிலில் பிரித்து வைக்கலாமா?

மூக்கடைப்பு_நிபுணர்:
தட்டில் கலக்கக் குழாய்த் தண்ணீர் தாராளம். பாட்டிலுக்குள் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும், அதுவும் சில சொட்டு. நிறைய ஊற்றினால் பெயின்டில் இருக்கும் பதப்படுத்தி நீர்த்துப்போகும். நம்ம ஊர்ச் சூட்டுக்குக் கிருமி வளர்ந்து அழுகிய முட்டை நாற்றம் வரும். கெட்டியாகவே வைத்திருந்து, தேவைக்குத் தட்டில் இளக்குவதே மேல்.

கண்ணாடிக்குப்பி:
சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் இறுகுவது அதன் குணம், புதுப் பாட்டிலின் உட்சுவரில் இருக்கும் ஈரமே போதும். வந்த குழாயிலேயே, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால், அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது. இன்னொன்று, கண் மருந்து பாட்டில் உருவத்தில் இருக்கும் எதிலும் பசையோ தின்னரோ ஊற்றாதீர்கள். வீட்டில் தாத்தா பாட்டி சொட்டு மருந்து போடுபவர்கள் என்றால் பெயின்ட் பாட்டில்களையே வேறு அலமாரிக்கு மாற்றிவிடுங்கள்.

குண்டுராஜா:
பெயரை மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறும். பாட்டிலின் உடம்பில் எழுதி, மேலே ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். மாற்றிய தேதியும் அதிலேயே.