பரணுக்குக் கீழே யானை நின்ற இரவு

யானை வந்தால் தூரத்திலேயே சத்தம் கேட்டுவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி அது பரணுக்குக் கீழே வந்து நிற்கிற வரைக்கும் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சோளத்தட்டை முறிகிற சத்தத்துக்கு எட்டிப் பார்த்தால், கறுப்பாக ஒரு மேடு, அந்த மேடு மெல்ல நகர்கிறது. ஒரு தட்டையை வேரோடு பிடுங்கி, முன்னங்காலில் இரண்டு தட்டு தட்டி மண்ணை உதறிவிட்டு, அப்புறம்தான் வாயில் வைத்தது. இடையில் அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல். அது காதில் கேட்டதைவிட, பரண் கம்பைப் பிடித்திருந்த என் கையில்தான் அதிகம் தெரிந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பக்கத்து வயல்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. டார்ச், வெடி, தகரம் என்று நாலு பக்கமும் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். கூட ஒரு குட்டி இருந்தது அப்போதுதான் தெரிந்தது. நாலு பக்கமும் அடைத்தால் அது எந்தப் பக்கம் போகும்? குட்டியை உள்ளே தள்ளிக்கொண்டு ஆட்கள் நின்ற பக்கமே பிய்த்துக்கொண்டு வந்தது. எல்லோரும் சிதறி ஓடியதில் ஒரு பெரியவர் வரப்பில் தடுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். விடிந்து பார்த்தபோது தாயின் பெரிய தடத்துக்குள்ளேயே குட்டியின் தடம், அவ்வளவு ஒட்டி ஓடியிருக்கிறது.

அடுத்த நாளே சிலர் வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுத்துவிடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். பயிர் போன கோபம் எனக்கும்தான் இருந்தது, விதைத்தவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஆனாலும் இதை உறுதியாகச் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். சோலார் வேலியில் எனர்ஜைசர் கருவி இருக்கும், அது விட்டு விட்டு ஒரு கணம்தான் மின்சாரத்தை அனுப்பும், உதறித் தள்ளுமே தவிர கொல்லாது. வீட்டு லைனிலிருந்து நேராக இழுத்தால் யானையும் சாகும், விடிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிற மனிதனும் சாவான். இந்தியாவில் மனிதர்களால் யானைகள் சாவதற்கு முக்கியக் காரணமே மின்சாரம்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை அதிகபட்சப் பாதுகாப்பு தருகிற முதல் அட்டவணையில் இருக்கிறது, வழக்கு வந்தால் சுலபத்தில் தப்ப முடியாது.

எங்களை யோசிக்க வைத்தது வால்பாறை. அங்கே யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர், அது அந்தப் பக்கம் நிற்பதே தெரியாமல் இருட்டில் எதிரே போய் மாட்டிக்கொண்டவர்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ஆனந்த குமாரும் அவர் குழுவும் இதைக் கவனித்து, யானை எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்று 2011 முதல் குறுஞ்செய்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். பக்கத்தில் யானை இருந்தால் போன் மூலமே எரியவைக்கிற சிவப்பு விளக்குகளும் வைத்தார்கள். பெரிய மந்திரம் ஒன்றுமில்லை, தகவல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். கென்யாவில் யானை ஆய்வாளர் லூசி கிங் செய்த தேன்கூட்டு வேலியும் எனக்குப் பிடிக்கும். தேனீப் பெட்டிகளைக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள், யானை கம்பியைத் தொட்டால் தேனீக்கள் கிளம்பிவிடும். பயிர் தப்பும், தேனும் மிஞ்சும்.

நாங்கள் செய்தது சின்ன வேலை. யார் முதலில் பார்த்தாலும் போனில் குழுவுக்கு ஒரு செய்தி போட வேண்டும், யானை திரும்பிப் போகிற பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது, வெடி கிடையாது. அது வழக்கமாக வரும் ஓரத்தில் ஒரு பட்டையை விதைக்காமல் விட்டேன். அந்த நஷ்டம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

போன வாரம் ராத்திரி பத்தரைக்குச் செய்தி வந்தது. விளக்கைப் போட்டுவிட்டு எல்லோரும் உள்ளேயே இருந்துவிட்டோம். காலையில் போய்ப் பார்த்தால் அந்தப் பட்டை நெடுக இரண்டு தடங்கள், சின்னது இப்போது கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.