டேக் காட்டியும் கதவு திறக்கலையா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க (புனைபெயர்ல நாலு பேர் பேசிக்கிறது)

பன்னிரண்டு வோல்ட்:
கதவுப் பக்கத்துல இருக்கிற ரீடர்ல காட்டினா பூட்டு திறக்கிற சின்ன வில்லைதான் டேக். "டேக் செத்துப்போச்சு"ன்னு வர்ற புகார்ல பெரும்பாலும் டேக் நல்லாத்தான் இருக்கும். முதல்ல சாவிக்கொத்தைப் பாருங்க. அபார்ட்மென்ட் கேட்டுக்கு ஒண்ணு, ஆபீஸ் கதவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு 125 கிலோஹெர்ட்ஸ் டேக் ஒரே வளையத்துல தொங்கும். இதுக்குள்ள இருக்கிற இஎம்4100 ரக சிப்புக்கு முறை வச்சுப் பேசத் தெரியாது. ரெண்டும் ஒரே நேரத்துல எண்ணைச் சொல்லும், ரீடர் எதையும் புரிஞ்சுக்காது. ஒண்ணைக் கழற்றிட்டுக் காட்டுங்க, 'பீப்' வந்துடும்.

அதுக்கும் வரலைன்னா டேக்கோட மூக்கைப் பாருங்க, வளையம் மாட்டுற ஓட்டைப் பக்கம். விரிசல் விட்டிருந்தா உள்ளே இருக்கிற காயில் (கம்பிச்சுருள்) அறுந்திருக்கலாம். அந்தச் செம்புக் கம்பி தலைமுடி கனம்தான். ஃபெவிக்விக் போட்டு மூடினா ஓடுதான் ஒட்டும். பேட்டரியே இல்லாத பொருள், அதனால 'பேட்டரி மாத்தித் தர்றேன்'னு எவனாவது காசு கேட்டா கொடுக்காதீங்க.

கேட்டுக்காரன்:
டேக், ரீடர் ரெண்டும் சரியா இருந்தும் 5 செ.மீ.ல படிச்சது ஒட்டிவச்சாத்தான் படிக்குதுன்னா, ரீடர் அலுமினியம் ஃபிரேம் மேல உட்கார்ந்திருக்கும். உலோகம் காந்தப்புலத்தைத் தின்னுடும். ரீடருக்கு அடியில 10 மி.மீ. அக்ரிலிக் துண்டு வச்சு ஸ்க்ரூ போடுங்க, வித்தியாசம் அங்கேயே தெரியும். சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் நேருக்கு நேர் ரெண்டு ரீடர் வைக்கிறதும் இதே பாவம்தான், ஒண்ணை ஒண்ணு கெடுக்கும். ஒரு அடியாவது தள்ளி வைங்க.

இன்னொண்ணு, பீப் வருது, பச்சை விளக்கு எரியுது, ஆனா டேக் காட்டாமலே கதவைத் தள்ளினாலும் திறக்குது. இது வயர் கோளாறு. 600 பவுண்டு இழுவை தாங்குற இஎம் லாக் (கரன்ட் இருக்கிற வரை கதவைப் பிடிச்சு வைக்கிற மின்காந்தப் பூட்டு) 12 வோல்ட்ல ஏறக்குறைய அரை ஆம்பியர் இழுக்கும். மிச்சமிருந்த கேட்5 நெட்வொர்க் கேபிள்ல ஒரே ஒரு ஜோடியை வச்சு 30 மீட்டர் இழுத்திருப்பாங்க. போக வர 60 மீட்டர், சுமார் 5 ஓம். அங்கேயே 2.5 வோல்ட் போயிடும், லாக்குக்கு ஒன்பதரைதான் மிஞ்சும். மல்டிமீட்டரை பவர் சப்ளையில வைக்காதீங்க, கதவு பூட்டியிருக்கும்போது லாக் டெர்மினல்ல வைங்க. 1 சதுர மி.மீ. வயர் போட்டா இழப்பு ஒரு வோல்ட்டைக்கூடத் தொடாது.

பன்னிரண்டு வோல்ட்:
அதோட டையோடு, அதாவது கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுற பாகம். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் ரீடர் ரீசெட் ஆகுதுன்னா, லாக் காயில் திருப்பி அடிக்கிற மின்சாரம்தான் காரணம். லாக் டெர்மினல்லயே 1என்4007 ஒண்ணு, வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம். மாத்திப் போட்டா சப்ளை ஷார்ட் ஆகிடும், கவனம்.

சாவிக்கொத்து:
எண் குழப்பத்தைச் சொல்றேன். டேக் மேல 0001234567 018,54919ன்னு அச்சடிச்சிருக்கும். ரெண்டும் ஒரே எண்தான். 18ஐ 65536ஆல் பெருக்கி 54919 கூட்டினா முதல் எண் வரும். ரீடர் அனுப்புற எண்ணைப் பார்த்துப் பூட்டைத் திறக்கிற பெட்டிதான் கண்ட்ரோலர். அது வீகண்ட் 26ல (எண்ணை 26 பிட்டா அனுப்புற முறை) இருந்தா பின்னாடி இருக்கிற 18, 54919ஐ எடுத்துக்கும். மென்பொருள்ல பத்து இலக்க எண்ணை அடிச்சிட்டு "டேக் பதிவாகலை"ன்னு உட்கார்ந்திருப்பாங்க. ரீடர் வீகண்ட் 34லயும் கண்ட்ரோலர் 26லயும் இருந்தாலும் இதே கூத்துதான். ரீடர்ல இருந்து வர்ற பச்சை, வெள்ளை டேட்டா வயர் இடம் மாறியிருந்தா பிட் எல்லாம் தலைகீழாகி (0 1ஆ, 1 0ஆ) பாரிட்டி, அதாவது பிழை பார்க்கிற பிட், தப்பும். ரீடர் பீப் அடிக்கும், கண்ட்ரோலர் கல்லு மாதிரி இருக்கும்.

கேட்டுக்காரன்:
மொபைல்ல டேக்கை ஏத்தித் தரச் சொல்லிக் கேக்கிறாங்களே?

சாவிக்கொத்து:
125க்கு வாய்ப்பே இல்லை, போன்ல இருக்கிற என்எஃப்சி 13.56 மெகாஹெர்ட்ஸ். அதையே சோதனையா வச்சுக்கலாம்: என்எஃப்சி போன் பின்னாடி டேக்கை வைங்க, சத்தம் வந்தா 13.56, வராட்டி பெரும்பாலும் 125.

ஆனா 13.56ன்னாலே பாதுகாப்புன்னு நம்பாதீங்க. 125 டேக்கை டி5577 சிப் இருக்கிற காலி டேக்ல சில நொடியில நகல் எடுத்துடலாம், அதுல ரகசியம்னு எதுவுமே இல்லை. 13.56 ரகமான மைஃபேர் கிளாசிக்கோட ரகசியப் பூட்டும் 2008லேயே உடைஞ்சாச்சு. அதைவிடப் பாதுகாப்பான டெஸ்ஃபயர் டேக் வாங்கிட்டு, ரீடர் அதோட யூஐடியை (யார் வேணா படிக்கக்கூடிய வரிசை எண்) மட்டும் படிக்கிற மாதிரி விட்டா கொடுத்த காசு தண்டம். ரீடர் டேக்குக்குள்ள இருக்கிற ஏஇஎஸ் ரகசியச் சாவியைச் சரிபார்க்குதான்னு விற்கிறவர்கிட்ட எழுத்துல வாங்குங்க.

பேனல் ஆளு:
அலாரம் பேனல்ல தொல்லை வேற மாதிரி. டேக் தொலைஞ்சதும் பேனல்ல இருந்து அழிக்கணும், ஆனா கையில டேக் இல்லை. அது எந்த ஸ்லாட்னு (பேனல் நினைவுல அந்த டேக் இருக்கிற இடத்தோட எண்) தெரியாததால மொத்த டேக்கையும் அழிச்சு முதல்ல இருந்து பதிவு பண்ணுவாங்க. நாற்பது வீட்டுக்காரங்களைக் கீழே கூப்பிடுற வேலை அது. டேக் கொடுக்கிற அன்னைக்கே ஸ்லாட் எண், டேக் மேல இருக்கிற எண், வீட்டு எண், தேதி நாலையும் ஒரு நோட்டுல எழுதிடுங்க. அதே நாள் கீபேடோட மாஸ்டர் கோடையும் மாத்துங்க. பல மலிவு கீபேடுகள்ல அது இன்னும் 123456தான்.

கேட்டுக்காரன்:
தீ எச்சரிக்கை, கண்ணாடி உடைக்கிற எமர்ஜென்சி பட்டன் ரெண்டையும் கண்ட்ரோலர் வழியா விடாதீங்க. லாக்குக்குப் போற பிளஸ் வயரையே நேரா வெட்டணும். கண்ட்ரோலர் ஹேங் ஆனாலும் கதவு திறந்தாகணும்.