மறு: சர்வைவர் பெனிஃபிட் – 'வாரிசு' வேண்டாம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வேலையில் ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்குச் சேரும் தொகையான 'சர்வைவர் பெனிஃபிட்'டுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அக்கா முன்வைத்த 'வாரிசுப் பலன்' எல்லோருக்கும் சட்டென்று புரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல் ஆளைத் தவறான ஆபீசுக்கு அனுப்பிவிடும். அதை நேரில் பார்த்தவன் நான்.

கோத்தகிரிப் பக்கம் மனு எழுதிக் கொடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மனைவியைக் காட்டுமாடு முட்டிக் கொன்றிருந்தது. மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் நாலாய் மடித்த வாரிசுச் சான்று. மேசையில் விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவிவிட்டார். 'வாரிசுப் பணம்' என்று யாரோ சொன்னதை நம்பி, அந்தத் தாளுக்காக ஐந்து மாதம் அலைந்திருக்கிறார். மனு போட அன்றைய சட்டம் தந்த கெடுவே இரண்டு வருடம். தாளில் இரண்டு பெயர்: அவரும், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனும்.

அன்று நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் (2025 நவம்பரில் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்தது) வாரிசு யார் என்று கேட்கவில்லை. இறந்தவரின் சம்பாத்தியத்தில் யார் பிழைத்தார்கள் என்றுதான் கேட்டது. விதவை, மைனர் மகன், மணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோரிடம் அந்தக் கேள்வியும் இருக்கவில்லை. திடமாக உள்ள வளர்ந்த மகனுக்கு அதில் இடமே இருக்கவில்லை. மனைவியை இழந்த கணவன், அவள் கூலியை முழுதாகவோ ஓரளவோ நம்பி இருந்ததைக் காட்டியாக வேண்டியிருந்தது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், நம் மலையில் இது சின்ன விஷயம் அல்ல. "அவ சம்பளத்துலதாங்க நான் கஞ்சி குடிச்சேன்" என்றார் பெரியவர். வாரிசுச் சான்று சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லிவிட்டது. அதையே மனுவின் முதல் வரியாக எழுதினேன்.

ஆகவே முதல் பாதியான 'சர்வைவர்'க்குச் 'சார்ந்தோர்'. நீ சொன்ன 'எஞ்சியோர்' வேண்டாம் தம்பி, துக்க வீட்டில் அதைச் சொல்ல நாக்கு வராது. இலங்கையில் 'தங்கி வாழ்வோர்' என்பார்கள். தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு அது பழகிய சொல், அடைப்புக்குள் போடலாம்.

இரண்டாம் பாதியான 'பெனிஃபிட்'டுக்கு 'உதவித்தொகை' கூடவே கூடாது. இது யாரும் இரங்கிக் கொடுப்பதல்ல. மாதக் கூலியில் பாதியை (கணக்குக்கு எடுக்கும் கூலிக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது) இறந்தவரின் வயதுக்குச் சட்ட அட்டவணை தரும் எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. முதலாளி அதை இழப்பீட்டு ஆணையர் என்ற அரசு அதிகாரியிடம் கட்ட வேண்டும். சாவு வீட்டில் கவரில் வைத்து நீட்டினால் கடன் தீராது. முன்பணம் என்று மூன்று மாதக் கூலி வரைதான் கழித்துக்கொள்ளலாம். எனவே 'சார்ந்தோர் இழப்பீடு'. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தருவது வேறு: சராசரி நாள் கூலியில் 90 சதவீதக் கணக்கில் மாதாமாதம் வரும். அதைச் 'சார்ந்தோர் மாதத்தொகை' என்று பிரித்துவிடுவோம். இரண்டையும் ஒரே பெயரில் போட்டால் பாரம் நிரப்புகிறவர் குழம்பிப்போவார்.

இன்னொன்று. 'விதவை' இருக்கிறது, அந்தப் பெரியவரைக் குறிக்க நம் பட்டியலில் சொல் இல்லை. இலங்கை அரசு ஆவணங்களில் 'தபுதாரர்' புழங்குகிறது; தொல்காப்பியத்தின் 'தபுதார நிலை'யில் இருந்து வருவது. சேர்க்கலாமா? அக்கா, உங்கள் கருத்தை முதலில் எழுதுங்கள்.