மெல்போர்ன் யுனிவர்சிட்டி ஃபுட்பால் கிளப் கதை தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

மன்னார்குடி அப்பா:
பையன் மெல்போர்ன்ல படிக்கிறான், இந்த கிளப்புல ஆடுறான். குறுவை நடவு முடிஞ்சு வந்து ராத்திரி வீடியோ பாக்குறேன். முட்டை மாதிரி பந்து, ஒரு பக்கம் 18 பேர், கோலுக்கு நாலு கம்பம். ஒண்ணும் பிடிபடல.

வலங்கைமான் தம்பி:
அண்ணே, இது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால், நம்ம கால்பந்து இல்ல. நடு ரெண்டு கம்பத்துக்குள்ள உதைச்சா 6 புள்ளி, நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையில போனா 1. கிளப் 1859-லேர்ந்து இருக்கு. 1908-ல பெரிய லீக்ல, அதான் விக்டோரியன் ஃபுட்பால் லீக்ல சேந்தாங்க. மத்த அணிகள் காசு கொடுத்து ஆள் சேத்தப்பவும் இவங்க வாங்காமத்தான் ஆடினாங்க. வரிசையா 51 ஆட்டம் தோத்து, 1914-ஓட விலகிட்டாங்க.

மன்னார்குடி அப்பா:
51-ஆ! அப்படியும் வாராவாரம் களத்துல இறங்கியிருக்காங்களே தம்பி, நெஞ்சு நிறைஞ்சுபோச்சு.

திருவையாறு அக்கா:
இப்ப விக்டோரிய அமெச்சூர் சங்கத்துல ஆடுறாங்க, இன்னிக்கும் சம்பளம் கிடையாது. ப்ளூஸ், பிளாக்ஸ்னு ரெண்டு அணி. உங்க பையன் எதுல?

மன்னார்குடி அப்பா:
பிளாக்ஸ்மா. சனிக்கிழமை மேட்ச்.