மறு: ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ – நிலச் சமனா, மண்நீக்கமா, தடைகட்டலா?

வணக்கம்.

மெட்டல் டிடெக்டர் கையேட்டுக்குச் சொல் கேட்டு வந்த மடல்களை எல்லாம் படித்தேன். கருவியின் பெயரில் அதிக நேரம் போக்க வேண்டாம். ‘திசைகாட்டி’ வழியில் ‘உலோகங்காட்டி’ போதும். ‘உலோகங்காணி’ என்று எழுதினால் எங்கள் பக்கத்தில் எத்தனை ஏக்கர் என்று கேட்பார்கள். கடையில் எப்படியும் மெட்டல் டிடெக்டர்தான், அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

உட்கார்ந்து யோசிக்க வேண்டியது ‘கிரவுண்ட் பேலன்ஸ்’, அதாவது மண்ணுக்கே கருவி கத்தாதபடி சரிசெய்துகொள்ளும் வசதி. சாதாரணக் கருவி போதுமா, உயர்ரகம் வேண்டுமா என்று குழம்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சேலம் மாவட்டத்தில் நிச்சயமாக இதுதான்.

> ‘நிலச் சமன்’ எளிமையாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

எளிமைதான். ஆனால் ஓமலூர்ப் பக்கம் போய் நிலத்தைச் சமன் செய்ய வேண்டும் என்றால் ஜே.சி.பி.க்கு மணிக்கணக்கில் வாடகை பேச ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொருவர் தந்த ‘மண்நீக்கம்’ தேடுவதற்கு முன்பே தோண்டச் சொல்கிறது.

கிரவுண்ட் பேலன்ஸ் பொத்தான் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கருவியின் அடித்தட்டில் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் நொடிக்குச் சில ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதன் காந்தப்புலம் புதைந்திருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்ப, அந்த மின்னோட்டம் உண்டாக்கும் புலத்தை மற்றச் சுருள் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பதில் கொஞ்சம் பிந்தித்தான் வரும். எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்து இரும்பா செம்பா என்று கருவி ஊகிக்கிறது. மண்ணில் காந்தக்கல் கலந்திருந்தால் மண்ணும் பதில் சொல்லும், ஏறக்குறையப் பிந்தாமலே. மண்ணின் பதில் உலோகத்தின் பதிலைவிடப் பல மடங்கு பெரிதாகவும் இருக்கும்.

சேலத்துக்குப் பக்கத்துக் கஞ்சமலை முழுக்க இந்தக் காந்தக்கல்தான், மேக்னடைட். 1830களில் பரங்கிப்பேட்டை இரும்பு ஆலைக்குச் சேலத்துத் தாதுதான் போனது. மழை விட்ட பிறகு அடிவார ஓடைகளில் மணலின் மேல் கறுப்பாகக் கோடு படிந்திருக்கும். காகிதத்தில் சுற்றிய காந்தத்தை அதில் இழுத்தால் கறுந்துகள்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அந்த மண்ணில் சாதாரணக் கருவியைக் கொண்டுபோய்த் துழாவுங்கள். அதில் கிரவுண்ட் பேலன்ஸைத் தொழிற்சாலையிலேயே ஒரு நிலையில் பூட்டி அனுப்பியிருப்பார்கள், மாற்ற வழியில்லை. கை கொஞ்சம் தாழ்ந்தாலும் கத்தும், ஏறினாலும் கத்தும். உணர்திறனைக் குறைத்தால் சத்தம் அடங்கும். ஆழமும் சேர்ந்து அடங்கிவிடும்.

உயர்ரகக் கருவியில் உலோகம் இல்லாத ஓரிடமாகப் பார்த்து, தட்டை முக்கால் அடி உயரத்திலிருந்து தரையைத் தொடாத குறையாக இறக்கி ஏற்றிக்கொண்டே திருகைத் திருப்புவார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒலி ஒரே மாதிரி வந்தால் மண்ணின் கணக்கு முடிந்தது. அதன் பிறகு கேட்கும் சத்தம் மண்ணுடையது அல்ல.

இந்தச் செயலுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. தராசில் எண்ணெய் நிறுத்த காலத்தில், வெறும் தூக்கை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் கல்லோ ஆணியோ போட்டு முள்ளை நேராக்கிவிட்டுத்தான் எண்ணெயை ஊற்றுவார்கள். அதற்குத் ‘தடை கட்டுவது’ என்று பெயர். செவ்வாய்ப்பேட்டை மண்டிப் பக்கம் வளர்ந்த பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார். எனவே என் முன்மொழிவு: மண்ணுக்குத் தடைகட்டுதல், சுருக்கமாகத் தடைகட்டல்.

> தடை என்றால் ரெசிஸ்டன்ஸ் அல்லவா? மின்னணுவியல் கருவியில் போய் இந்தச் சொல்லையா?

நியாயமான கேள்வி. எர்த் போடும் எலக்ட்ரீஷியனுக்கு ‘மண்தடை’ என்றால் ஓம் கணக்குதான் நினைவுக்கு வரும். அதனால் ‘மண்தடை’ என்ற பெயர்ச்சொல்லை எங்கேயும் எழுதக்கூடாது என்று விதி வைத்துக்கொள்வோம். ‘தடைகட்டு’ என்று வினையோடு சேர்ந்து வரும்போது அந்தக் குழப்பம் இல்லை. மின்தடையை யாரும் கட்டுவதில்லை.

> தராசில் கழிப்பது ஓர் அளவை. இங்கே மண்ணின் அளவு தட்டின் உயரத்தோடு மாறிக்கொண்டே இருக்கிறது. ஒப்புமை பொருந்தாது.

இதைக் கேட்டவர் விஷயம் தெரிந்தவர். உண்மைதான், கருவி கழிப்பது அளவை அல்ல. பதில் எவ்வளவு பிந்துகிறது என்பதைத்தான் கோணமாகச் சொல்கிறார்கள். மண்ணின் பதில் எந்தக் கோணத்தில் வருகிறதோ, அந்தக் கோணத்தில் வருவதை எல்லாம் ஒதுக்குகிறது. தட்டை உயர்த்தினால் அளவு குறையும், கோணம் மாறாது. ஏற்றி இறக்கிப் பார்ப்பதே அதற்காகத்தான். ஆனாலும் கையேட்டைப் படிக்கிறவர் மின்சுற்று வரையப் போவதில்லை. முதலில் மண்ணை ஈடுகட்டிவிட்டுப் பிறகு தேடு என்ற வரிசை அவர் மனதில் பதிந்தால் போதும். மின்சுற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘மண்கோணம்’ என்று தனியாக வைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை.

சேர்வராயன் மலைக்கு ஏறினால் கதை வேறு. மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பாக்சைட் வெட்டிய மலை அது. உச்சிப் பகுதிகளில் செம்புறை மண், அதில் மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடுகள். அவற்றில் சில காந்தப்புலத்துக்குப் பிந்தியும் பதில் சொல்லும். மண்ணும் அடிக்கு அடி மாறும். ஒரு முறை தடைகட்டிவிட்டு நாளெல்லாம் நடக்க முடியாது. நடக்க நடக்கக் கருவி தானே திருத்திக்கொள்ளும் வசதிக்குத் ‘தொடர் தடைகட்டல்’ என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். இதைவிடச் சுருக்கமாகக் கிடைத்தால் நல்லது.

அடுத்து, வேண்டாத உலோகங்களுக்குக் கத்தாமல் இருக்கும் வசதியான ‘டிஸ்கிரிமினேஷன்’: ‘பாகுபாடு’ வேண்டவே வேண்டாம். ‘ஒதுக்கீடு’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அதற்கு வேறு விவாதக் குழு இருக்கிறது. ‘விலக்கல்’ போதும். கருவி எதையும் நிச்சயமாக இனம்கண்டு சொல்வதில்லை, சில வகைப் பதில்களுக்கு வாய் திறக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். சிகரெட் அட்டைத் தாளை விலக்கச் சொன்னால் சின்னத் தங்க மோதிரமும் பல நேரம் அதோடு சேர்ந்து போய்விடும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழைய ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) எந்தப் பக்கம் போகிறது என்று தேட எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டவருக்கு: திரையில் எண் காட்டுவது, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் ஓடுவது எல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் தேடுவது இரும்பு என்று உங்களுக்கே தெரியும், பொருளும் பெரியது. கையால் தடைகட்ட முடிகிற நடுத்தரக் கருவி ஒன்று போதும். பூட்டிய சமனோடு வருவது மட்டும் அந்தச் செம்மண்ணில் உங்களைப் படுத்தி எடுக்கும். அப்புறம் ஒன்று: புதிதாக வாங்குகிறவர்களுக்கு ‘இரும்பை விலக்கி வையுங்கள்’ என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். அப்படி வைத்தால் உங்கள் குழாயின் மேலேயே நின்றாலும் கருவி மூச்சுவிடாமல் போகலாம். விலக்கலை முழுவதும் அணைத்துவிட்டுத் தேடுங்கள்.

கையேட்டின் முதல் பக்கத்தில் சட்டத்தையும் சேர்க்கச் சொன்னதை ஆதரிக்கிறேன். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்து அளவு என்று சிரிக்க வேண்டாம், கட்டாயம் கட்டாயம்தான். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டவே கூடாது.

கையேட்டில் வரப்போகும் வாக்கியத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: “தேடத் தொடங்கும் முன் உலோகம் இல்லாத இடத்தில் தட்டை ஏற்றி இறக்கி, ஒலி ஒரே சீராகும் வரை மண்ணுக்குத் தடைகட்டுங்கள். மண்ணின் நிறம் மாறினால் மறுபடி கட்டுங்கள்.” வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இடறினால் எந்த இடம் என்று எழுதுங்கள். மறுப்பு வராவிட்டால் பொத்தானின் படத்துக்குக் கீழே ‘தடைகட்டு’ என்றே போட்டு அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
சூரமங்கலத்திலிருந்து