ஜிங்கோயிசம்: நாட்டுப்பற்றைத் திட்ட வந்த வார்த்தையா?

தேரடி: ஜிங்கோயிசம்னா சண்டைக்குத் துடிக்கிற நாட்டுவெறின்னு சொல்றாங்க, ஆனா அது நாட்டுப்பற்று உள்ளவங்கள மட்டம் தட்ட வந்த வார்த்தை, அவ்ளோதான். 1878 மார்ச்ல ஜார்ஜ் ஹோலியோக்னு ஒருத்தர் லண்டன் டெய்லி நியூஸுக்கு லெட்டர் எழுதறப்ப ஜிங்கோக்கள்னு போட்டார், அது அப்படியே ஒட்டிக்கிச்சு. சொந்த நாட்டுக்காக நிக்கிறவனுக்கு எதுக்கு இந்தப் பட்டம்?

சித்ரகலா: லெட்டர் எழுதினது நிஜம்தான் தேரடி, ஆனா வார்த்தை அவரோடது இல்லையே. ரஷ்யாவும் துருக்கியும் அடிச்சிக்கிட்டப்ப லண்டன் மியூசிக் ஹால்ல மெக்டெர்மட்னு ஒரு பாடகர் ரஷ்யாவுக்கு எதிரா பாடின பாட்டு செம ஹிட், சண்டை போட ஆசை இல்ல, ஆனா இறங்கிட்டோம்னா ஜிங்கோ மேல சத்தியம், கப்பல் இருக்கு ஆள் இருக்கு பணமும் இருக்குன்னு போகும். அவங்க தொண்டை கிழிய பாடின வார்த்தையத்தான் அவங்களுக்கே பேரா வச்சாங்க.

ஊர்க்குருவி: நடுவுல ஒண்ணு, ஜிங்கோன்னா பாஸ்க் மொழியில கடவுள், அதுல இருந்து வந்ததுன்னு சிலர் அடிச்சு சொல்றாங்க, அதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. 1600கள்லயே வித்தை காட்றவங்க மந்திரம் மாதிரி சொன்ன வார்த்தை அது.

தேரடி: சரி, பாட்டுல என்ன தப்பு? ரஷ்யப் படை துருக்கித் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் கிட்டயே வந்துடுச்சு, பிரிட்டன் பிரதமர் டிஸ்ரேலி கடற்படைய அனுப்பினார், ரஷ்யா ஊருக்குள்ள நுழையல, அப்புறம் பெர்லின் மாநாட்டுல பேசி முடிச்சாங்க. பிரிட்டன் ஒரு குண்டு கூட போடல. உறுதியா நின்னதாலதான போர் வரல!

சித்ரகலா: கப்பல் அனுப்பினது அரசாங்கம், அத ராஜதந்திரம்னு சொல்லுங்க, நான் மறுக்கல. நான் கேக்கறது தெருவுல நடந்தது. அந்த பிப்ரவரில லண்டன் ஹைட் பார்க்ல போர் வேணாம்னு கூட்டம் போட்டவங்கள அடிச்சு கலைச்சாங்க, கிளாட்ஸ்டன் வீட்டு ஜன்னல் கண்ணாடிய உடைச்சாங்க. அவர் என்ன ரஷ்யாக்காரரா? அந்த நாட்டுக்கே பிரதமரா இருந்தவர். பல்கேரியால துருக்கிப் படை ஜனங்கள கொன்னு குவிச்சத எதிர்த்து எழுதினவர், துருக்கிக்காக நாம போருக்குப் போகக் கூடாதுன்னார், அதுக்குத்தான் கல்லு.

தேரடி: கல்லெறிஞ்சது தப்பு, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா ரவுடிங்க செஞ்சதுக்கு பாட்டு பாடின எல்லாரையும் ஒரே பேருல தள்ளலாமா? ரஷ்யாவ நினைச்சு உண்மையாவே பயந்த சாதாரண ஜனமும் அதுல இருந்திருக்கும்ல.

சித்ரகலா: பயந்தவங்கள யாரும் ஜிங்கோன்னு சொல்லல. ஹோலியோக் லெட்டரே ஹைட் பார்க்ல ரகளை பண்ணினவங்கள பத்திதான். போர் வேணாம்னு சொன்ன சொந்த ஊர்க்காரன அடிச்சவனுக்குத்தான் அந்தப் பேர் வந்துச்சு, இன்னிக்கும் அவனுக்கு மட்டும்தான் பொருந்தும்.